சும்மா நடக்கச் சொன்னாரு டொக்டர்

3.6.97 செவ்வாய்

இல்ல, வாப்பாவக் கடக்கரைக்கும் கூட்டிட்டுப் போய்ப் பாத்தாச்சு. நேத்தும் போன, இண்டைக்கும் போன. உம்மா திருப்பித் திருப்பிக் கேக்கா, திருப்பித் திருப்பிச் சொல்றன், நம்புறால்ல. "போன ஆள் ஏன் இன்னும் சுவரப் பாத்துட்டு இரிக்காரு?" அத என்னக் கேட்டா? டொக்டரக் கேளுங்க.

கச்சான் காத்து. விடியவே சூடு. பல்லுக்குள்ளயும் மண்.

வாப்பாக்கு வருத்தம் இதுதான்: நித்திரை இல்ல. கதை இல்ல. போன வருசம் வயலால வரக்குள்ள பொழுதுபட்டுட்டு, ரோட்டுல ஆமியும் இயக்கமும் ரெண்டு பக்கத்தாலயும் வெடி. வாய்க்காலுக்குள்ள இறங்கிச் சேத்துக்குள்ள தலையப் புதைச்சிட்டுக் கிடந்த. விடியத்தான் மீராசா காக்கா கண்டு தூக்கிட்டு வந்தாரு. மீராசா காக்கா எங்கட வயல்ல வேலை செய்யிற ஆள். வாப்பாட மேலுல ஒரு கீறல் இல்ல. ஆனா அண்டையில இருந்து வீட்டுக்குள்ள. வயல் பக்கம் தலை வைச்சும் படுக்கல்ல.

தண்ணி ஓதிக் குடுத்தாச்சு. நூல் கட்டியாச்சு. குளிசை போட்டா வாயால வீணி வடியுது.

இப்ப ஆசுபத்திரிக்குப் புது டொக்டர். கொழும்புப் பக்கத்து ஆள், தமிழ் கதைக்கிறது புத்தகம் வாசிக்கிற மாதிரி. சப்பாத்துல ஒரு தூசி இல்ல. அவரு சொன்னத அப்பிடியே எழுதுறன்: "மாத்திரையைக் குறைப்போம். தினமும் காலையில் வெளியில் நடக்கட்டும். கடல், மரம், பச்சை, இதையெல்லாம் பார்க்க வேண்டும். நித்திரை வரும், பசி வரும், பிரஷர் இறங்கும். மனதுக்கு மருந்து அதுதான்." வெறுங்காலோட மண்ணுல நடந்தா இன்னும் நல்லமாம்.

நம்மட கடக்கரை விடியக்காலையில என்னத்துக்கு எண்டு டொக்டருக்கு யாரும் சொல்லல்லப் போல. வரிசையாக் குந்திட்டு இரிக்காங்க, பீடியப் பத்திட்டு, உலக விசயம் கதைச்சிட்டு. நான் வாப்பாட கையப் புடிச்சி, ஒவ்வொரு அடிக்கும் கீழ பாத்துப் பாத்து. கீழயே பாத்துட்டு நடந்தா கடல எப்ப பாக்கிற?

கரவலை இழுக்கிறவன் ஒருத்தன் கேட்டான், "என்ன போடியார், மீனுக்கா?"

வயல் சொந்தக்காரன ஊருல போடியார் எண்டுதான் கூப்பிடுற. வாப்பா வாயத் திறக்கல்ல. நான்தான் சொன்னன், "சும்மா நடக்க வந்தம்."

"சும்மாவா?"

அவன் மத்தவனப் பாத்தான், மத்தவன் அவனப் பாத்தான். மறுகா மெதுவா, "சும்மா நிக்கிறதுக்கு கயித்துல ஒரு கை வைக்கலாமே தம்பி."


4.6 புதன்

ஊருக்குள்ள கதை பரவிட்டு. "போடியார் சும்மா நடக்காராம்." இந்த ஊருல சும்மா நடக்கிற மனிசன் இல்ல. பள்ளிக்கு நடப்பான், சந்தைக்கு நடப்பான், செத்தவன்ட மையத்துக்குப் பின்னால நடப்பான். ஒண்டுமில்லாததுக்கு நடந்தா பைத்தியம். மருந்தே வருத்தத்துக்குச் சாட்சியாப் போச்சு.

உம்மாட பயம் வேற. தங்கச்சி ஸரீனாக்கு ஒரு இடம் வந்திரிக்கி. நிந்தவூர், வாத்தியார் மாப்பிள்ள, அரசாங்க உத்தியோகம். அவங்கட காதுக்குப் போனா? அதால இண்டைக்கு விடிய வாப்பாட கையில ஒரு ஷொப்பிங் பேக்கக் குடுத்துட்டா. வெறும் பேக்.

"யாரும் கேட்டா சந்தைக்கு எண்டு சொல்லு மனே."

சந்தை மேக்கால. நாங்க போறது கிழக்க. ஆனாலும் வேலை செஞ்சிச்சு. பேக்கோட போற ஆள ஒருத்தனும் எங்க எண்டு கேக்கல்ல.

செய்ய வேண்டியது:
சைக்கிள் பின் டயர்
பாஸ்போட் போட்டோ
ஜெமீல்ட கசெட் திருப்பிக் குடுக்க
வாப்பாவ நடத்த

ஏ.எல். சோதனை ரெண்டாந்தரம் எடுக்காதது ஏன் எண்டு இண்டைக்கும் மாமா கேட்டாரு. உம்மாட தம்பி, ஊரு நியாயமெல்லாம் அவருட வாயிலதான். படிச்சவனும் ஆமிச் சென்றியில குனிஞ்சிதான் போறான், படிக்காதவனும் குனிஞ்சிதான் போறான் எண்டு சொன்னன். "வாய்க்கு மட்டும் குறைவில்ல" எண்டாரு. கட்டாருக்குச் சரிவந்தா போயிருவன். அதுவரைக்கும் இந்த வீட்டுல வேலை வெட்டி இல்லாத ஆம்புள நான் ஒருத்தன்தான். அதான் இந்த உத்தியோகம்.


7.6 சனி

ஜெமீல் வீடியோக் கடை வாசல்ல நிண்டு கத்துறான், "டேய், மேய்ச்சலுக்குப் போய் வந்தாச்சா?" கூட நிண்டவனெல்லாம் சிரிச்சான். கசெட்ட அவன்ட நெஞ்சுக்கு எறிஞ்சிட்டு வந்த. இனி அந்தப் பக்கம் இல்ல.

கடக்கரையில வாப்பா ஒரு வேலை செஞ்சாரு. கடலுக்கு முதுகக் காட்டிட்டு நிண்டாரு. தோளப் புடிச்சி கடல் பக்கம் திருப்பினன். "பாருங்க வாப்பா, கடல். டொக்டர் பாக்கச் சொன்ன." பாத்தாரு. நான் கைய எடுத்த உடன மெதுவாக் கிறுகி மறுகா மேக்க. மேக்க என்ன இரிக்கி? வீடுகள். தென்ன மரம். அதுக்கங்கால ரோடு. ரோட்டுக்கங்கால வயல்.

இது எனக்கு விளங்க இவ்வளவு நாள். படிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் கூட எடுத்திரிக்கும்.


9.6 திங்கள்

வயலுக்குக் கூட்டிட்டுப் போறன் எண்டு சொன்னன். உம்மா தலையில கைய வைச்சிட்டா. "வெடி வெச்ச இடத்துக்கே திருப்பிக் கொண்டு போறயா? பைத்தியம் அவருக்கா ஒனக்கா?"

மாமா ஏசுவாரு எண்டு பாத்தன். ஏசல்ல. தாடியத் தடவிட்டு, "கூட்டிட்டுப் போகட்டும் ராத்தா. சுகமானாச் சரிதானே" எண்டாரு. பின்னேரம் பின் டயர் ஒண்டு புதுசா வாங்கிட்டு வந்து வைச்சாரு. மாமா. ஒரு வெத்திலக்குக் கூட யோசிக்கிற மனிசன்.

என்னமோ இரிக்கி. எனக்கென்ன. டயர் கிடைச்சிச்சு.


10.6 செவ்வாய்

கரியர்ல வாப்பா. பின்னால என்ட ஷேர்ட்டப் புடிச்சிட்டு. சம்மாந்துறை ரோட்டுல ஏறினதும் புடி இறுகிச்சு, சென்றி தெரியக்குள்ள நகம் முதுகுல இறங்கிச்சு.

ஆமிப் பொடியன் மறிச்சான். "எங்க போற?"

"வயலுக்கு."

"வயலுக்கு பேக் என்னத்துக்கு?"

பேக். உம்மா பழக்கத்துல கையில குடுத்துட்டா, நானும் கவனிக்கல்ல. வயலுக்குப் போறவன் மம்பட்டி கொண்டு போவான், கத்தி கொண்டு போவான். ஷொப்பிங் பேக்கோட எவன் போவான்? சென்றிப் பொடியன் வாங்கித் தலைகீழாக் கொட்டினான். ஒண்டும் விழல்ல. ஒண்டும் விழாததுதான் அவனுக்குச் சந்தேகம். உள்ள கையை விட்டுத் தையலெல்லாம் தடவிப் பாத்தான். "போ. திருப்பிப் போ."

வீட்ட வந்து வாப்பா மறுகா சுவருக்கு முன்னால. நான் பேக்கக் கிணத்தடியில எறிஞ்சன். உம்மா எடுத்துக் கழுவிக் காயப் போட்டா.


12.6 வியாழன்

மம்பட்டியோட போனம். விட்டுட்டான்.

வயல் முழங்கால் உசரம். ஒரு வருசம் வாப்பா கண்ணால காணாத வயல். சைக்கிள மருத மரத்துல சாத்திட்டு வரம்புல ஏறினம். வாப்பா நிண்டாரு. எவ்வளவு நேரம் எண்டு தெரியா. காத்துல பயிர் ஒரு பக்கம் சாயுது, மறுகா எழும்புது. நான் அழுவாரு எண்டு பயந்திட்டு நிக்கன். எனக்கு மனிசர் அழுறத பாக்க ஏலா.

அழல்ல. நடந்தாரு. மேட்டு வரவைக்கிட்டப் போய் நிண்டு குனிஞ்சி பாத்தாரு. மறுகா வாயத் திறந்தாரு.

"இந்த வக்கடைய யாருடா வெட்டின?"

வரவை எண்டா வரம்பு கட்டின வயல் துண்டு, வக்கடை எண்டா வரவைக்கு வரவை தண்ணி விடுறதுக்கு வரம்புல வெட்டுற வாய். மீராசா காக்கா ஓடி வந்தாரு. "நான்தான் போடியார்."

"வயலுக்கு வெட்டினயா, எருமை படுக்க வெட்டினயா?"

மீராசா காக்கா தலையில கட்டின துண்ட அவிழ்த்து முகத்தப் பொத்திட்டு அழுதாரு. ஏச்சுக் கேட்டு சந்தோசத்துல அழுத மனிசன இண்டைக்குத்தான் கண்டன்.

வாப்பா மம்பட்டிய வாங்கி வாய அடைச்சி வேற இடத்துல வெட்டினாரு. மூச்சு வாங்கிச்சு. மறுகா வயல் காவல் வாடிக்குள்ள போய்ப் பலகையில சரிஞ்சாரு. லுஹர் தொழுகைக்கு எழுப்பப் போனன். குறட்டை. எழுப்பல்ல. நானும் மரத்துக்குக் கீழ கிடந்தன்.

காலுல அட்டை கடிச்சி இரத்தம். தெரியவேயில்ல.


20.6 வெள்ளி

வாப்பா இண்டைக்கு ஜும்ஆவுக்குப் போனாரு. தானாத் தொப்பிய எடுத்துட்டு. உம்மா கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துட்டு மூக்கச் சிந்தினா.

மத்த மாற்றம்: புட்டு ரெண்டாந்தரம் கேட்டது. ஆணத்துல உப்புக் கூட எண்டு உம்மாவோட சண்டை. ஸரீனாவப் பேரு சொல்லிக் கூப்பிட்டது. ராவுல வாசல்ல நடக்கிற சத்தம் இல்லாமப் போனது.

கிளினிக்குல பிரஷர் பாத்த நேர்ஸ் மிஸ் ரெண்டாந்தரமும் பாத்தா. மெஷின் பிழை எண்டு நினைச்சிரிப்பா. டொக்டருக்கு சரியான சந்தோசம். "கண்டீர்களா? இயற்கை!" எண்டாரு. அவரே நட்டு வளர்த்த மாதிரி.

எனக்கும் ஒரு விசயம். எழுத வெக்கம். தலையிடி இல்ல. ஓ.எல். எடுத்த நாள்ல இருந்து கிழமையில மூணு நாள் வாற தலையிடி. வாய்க்கால் கரையில மருத மரத்துக்குக் கீழ கிடந்து இலைக்கு மேல வெயில் ஓடுறதப் பாத்துட்டு இருந்தா, மண்டைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிட்டே இரிக்குமே, அது நிண்டு போகுது. யாரு நிப்பாட்டின எண்டு தெரியா. பசிக்குது. இஷாத் தொழுத உடன நித்திரை. அடிக்கடி யாருக்காவது ஏசணும் போல இரிக்கிறதும் குறைவு.

டொக்டர் சொன்னது சரி. அதுதான் கோவம் வருது.


29.6 ஞாயிறு

வாப்பா என்ன வேலைக்காரனா ஆக்கிட்டாரு. "அந்தப் புல்லப் புடுங்கு. அங்கால இல்ல, இங்கால. அது புல்லில்ல, அது பயிர், கண்ணு தெரியாதா ஒனக்கு?" வாய் திறக்காம இருந்ததே நல்லம் போல.

வக்கடையில கையை விட்டுப் பனையான் மீன் புடிச்சம். நழுவி நழுவி ஓடுது. வாப்பா சிரிச்ச சத்தம் கேட்டு மீராசா காக்கா வாடியால எட்டிப் பாத்தாரு. எனக்கு அந்தச் சிரிப்பு மறந்தே போயிருந்திச்சு. மேல் பல் ஒண்டு இல்ல வாப்பாக்கு. எப்ப விழுந்திச்சு?

சென்றிப் பொடியன் இப்ப பழக்கம். துண்டுத் தமிழ்ல கதைக்கான். அவனும் வயல்காரன்ட மகனாம், பொலன்னறுவைப் பக்கம். மண் மூட்டைக்குப் பின்னால நிண்டு நாள் முழுக்கப் பச்சையத்தான் பாக்கான். நித்திர இல்லயாம் அவனுக்கு, கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. இத டொக்டரிட்டச் சொல்லணும். பச்சையப் பாத்தா மட்டும் போதா, கையில துவக்கு இல்லாமப் பாக்கணும் போல.


6.7 ஞாயிறு

டயர் என்னத்துக்கு எண்டு விளங்கிட்டு.

அஸருக்குப் பிறகு பின் பக்கத்தால வந்தன், காலுல சேறு எண்டு. குசினிக்குள்ள மாமாவும் உம்மாவும்.

மாமா: "இப்ப ஆள் நல்ல நிதானம். தள்ளிப் போடக் கூடா. நொத்தாரிசு பதினஞ்சாந் தேதி வரச் சொல்றாரு."

உம்மா: "போன தரம் மாதிரி ஆகிரப்படா தம்பி."

"போன தரம் பேரக் கேட்டதுக்கே பதில் இல்ல, நொத்தாரிசு எப்பிடி எழுதுவாரு? மண்டை சரியில்லாத ஆள்ட கையெழுத்துச் செல்லாது எண்டு திருப்பி அனுப்பினாரு. இப்ப கேக்கட்டும் பாப்பம். வக்கடை எத்தின எண்டு கூடச் சொல்லுவாரு மச்சான்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பு இல்ல. நிம்மதியான சிரிப்பு. அதுதான் இன்னும் கூட எரிஞ்சிச்சு.

ஆக, வீடு ஸரீனாக்கு எண்டது எனக்குத் தெரியும். வீடு எப்பயும் மகளுக்குத்தான். வயலும் கேட்டிரிக்காங்க நிந்தவூரார். முழு வயலும். வாப்பா நிதானத்துக்கு வந்து நொத்தாரிசுட பத்திரத்துல ஒப்பம் வைச்சாத்தான் மாப்பிள்ள. அதுக்குத்தான் டொக்டர், அதுக்குத்தான் கடக்கரை, அதுக்குத்தான் டயர். வயல எழுதி எடுக்கிறதுக்கு வாப்பாவ வயல்ல விட்டுச் சுகமாக்கி இரிக்காங்க. ஆக்கினவன் நான்.

ஸரீனாட்டக் கேட்டன், தெரியுமா எண்டு. தையல் மெஷினால தலையத் தூக்காமச் சொன்னா, "நான் கேட்டனா காக்கா? வீடு வயல் இல்லாம ஒருத்தன் வருவான் எண்டா நீயே கொண்டு வா, கட்டிட்டுப் போறன்." நான் திரும்பினன். மறுகா அவ, "நீ கலியாணம் முடிக்கக்குள்ள ஒண்டும் வாங்காம முடி. பாப்பம்."


8.7 செவ்வாய்

கூட்டிட்டுப் போகல்ல. நேத்தும் இல்ல, இண்டைக்கும் இல்ல. வயித்து வலி எண்டு சொல்லிப் பாயில கிடந்தன். மறுகா வருத்தம் வந்தா ஒப்பம் இல்ல, ஒப்பம் இல்லாட்டி வயல் இரிக்கும். கணக்குச் சரி. ஆனா கணக்குக்குள்ள வாப்பா இரிக்காரு.

ஜன்னலால பாத்தன். மம்பட்டிய ஊண்டிட்டு வாசல் கடப்படியில நிக்காரு. உம்மா தேத்தண்ணி கொண்டு குடுத்தா, வாங்கல்ல. வெயில் ஏறினதும் உள்ள வந்து சுவருக்கு முன்னால குந்தினாரு.

தலையிடி எனக்கு.


10.7 வியாழன்

போனம். எனக்கு ஏலாமப் போச்சு.

வரம்புல குந்தி ரெண்டு பேரும் காலத் தண்ணிக்குள்ள விட்டுட்டு இருந்தம். மீராசா காக்கா அங்கால, கேக்காத தூரம். சொல்லிட்டன்.

"வாப்பா, உங்களச் சுகமாக்கிறது கையெழுத்து வாங்கத்தான்."

"ஓம்."

"என்ன ஓம்?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஒன்ட உம்மா என்ட கையில பேக்கத் தந்த அண்டைக்கே. என்னச் சுகமான ஆளாக் காட்டினா அது நொத்தாரிசுக்குத்தான். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து என்னச் சந்தைக்கு விடாதவ. நான் வாங்கினா எல்லாம் பூச்சிக் கத்தரிக்காயாம்."

சிரிப்பு வந்திச்சு, கோவமும் வந்திச்சு. கேக்கக் கூடாத கேள்வியக் கேட்டன். "அப்ப என்னத்துக்குச் சுகமானீங்க?"

"சுகமில்லாமயும் இருந்து பாத்தாச்சுதானே. நல்லா இல்ல மனே."

கொக்கு ரெண்டு வந்து இருந்திச்சு, போச்சு. பயிர் குடலையில இரிக்கி, கதிர் இன்னும் வெளிய வரல்ல, தண்டு வீங்கிக் கிடக்கு. அதத் தடவிட்டே சொன்னாரு,

"இது எனக்கும் சும்மா வந்ததுதான். ஒன்ட உம்மாட சீதனம். அவட வாப்பா என்ட பேருக்கு ஒப்பம் வைச்சிக் குடுத்த. அடுத்த போகம் ஒரு நாள் வந்து அந்த மருத மரத்துக்குக் கீழ நிண்டாரு. நான் வேணா எண்டு சொல்லல்ல. வாங்க மாமா எண்டும் சொல்லல்ல. சாரன மடிச்சிக் கட்டிட்டு என்ட வேலையப் பாத்தன்."

"மறுகா?"

"மறுகா வரல்ல. ரெண்டு போகத்துக்குள்ள மவுத்தாகிட்டாரு."

எழும்பி வக்கடை பாக்கப் போயிட்டாரு. நான் அந்த மரத்தப் பாத்துட்டு இருந்தன். என்ட தலையிடிய நிப்பாட்டின மரம்.


15.7 செவ்வாய்

முடிஞ்சிச்சு.

நொத்தாரிசுட மேசைக்கு முன்னால நல்ல வெள்ளை ஷேர்ட்டோட வாப்பா. பேரு கேட்டாரு, சொன்னாரு. வயசு, சொன்னாரு. "வடக்கெல்லை என்ன?" "வாய்க்கால்." "மேற்கு?" "மருத மரத்தோட வரம்பு." கணீர் எண்டு. "முழு மனசோடதானே குடுக்கிறீங்க?" "ஓம்." மாமா என்னப் பாத்துக் கண்ணச் சிமிட்டினாரு.

வெளிய வந்து மாப்பிள்ளட வாப்பா என்ட முதுகுல தட்டினாரு. "மகன்ட புண்ணியம்தான் எல்லாம்." பிளேன்டியும் கேக்கும் தந்தாங்க. கேக்க அப்பிடியே வைச்சிட்டு வந்தன்.

வயல் நிக்கிற பயிரோட அவங்களுக்கு. சம்.துறையில ஒரு ஆளுக்குக் குத்தகைக்குக் குடுக்கிறாங்களாம். மீராசா காக்காவ நிப்பாட்டியாச்சு. அவரு வாடியில கிடந்த வாப்பாட பழைய தலவாணியக் கொண்டு வந்து தந்துட்டுப் போனாரு.


22.7 செவ்வாய்

மாமாட்டப் போய்க் கேட்டன். வாப்பாவ விடியக்காலையில வயலுக்குள்ள நடக்க மட்டும் விடச் சொல்லி. மம்பட்டி இல்லாம. தொடாம. மருந்துக்கு.

மாமா நிந்தவூருக்குப் போய் வந்தாரு. பதில்: "மாமனார் மருமகன்ட வயல்ல நிண்டா சனம் என்ன நினைக்கும்? கூலிக்கு வெச்சிரிக்கான் எண்டு சொல்லும். வாத்தியாருக்குத்தானே மரியாதக் கேடு. கடக்கரைக்குப் போகச் சொல்லுங்க, காத்து நல்லம்."

இண்டைக்குக் கிளினிக். பிரஷர் மறுகா மேல. நித்திரை இல்ல. சாப்பாடு தள்ளி வைக்கிறாரு. டொக்டர் தாளைப் பாத்துட்டு, "நடப்பதை நிறுத்திவிட்டாரா? நிறுத்தக் கூடாது. வயலில் தொடர்ந்து நடக்கட்டும்."

"எந்த வயல்ல டொக்டர்?"

"எங்கயாவது" எண்டாரு. முதல் தரமா ஊர்த் தமிழ்ல.

குளிசை கூட்டி எழுதித் தந்தாரு. நல்ல மனிசன்தான். அவருக்குத் தெரிஞ்ச ஊருல பச்சைக்குச் சொந்தக்காரன் இல்லப் போல.

கலியாணம் அடுத்த மாசம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. வாப்பாவும் உம்மாவும் பின்னால குசினிக்கு மாறியாச்சு. அங்கயும் சுவர் இரிக்கி.


27.7 ஞாயிறு

விடிஞ்சிட்டு வருது. காத்து இல்ல.

நேத்துப் பின்னேரம் மீராசா காக்கா வேலிக்கங்கால நிண்டு கூப்பிட்டாரு, யாரும் காணாம. குத்தகைக்காரன்ட ஆள் வக்கடையக் கீழ்ப் பக்கம் திறந்து விட்டுட்டானாம். மேட்டு வரவை வெடிச்சிக் கிடக்காம். கதிர் வெளிய வாற நேரம் தண்ணி இல்லாட்டி எல்லாம் பதர். "நான் போய்ச் சொன்னன் தம்பி, நீ ஆரு எண்டு கேக்கான்." வாப்பா குசினிக்குள்ள இருந்து கேட்டிட்டு இருந்தாரு. ராவைக்குச் சாப்பிடல்ல.

இப்ப சத்தம் கேட்டு எழும்பி வந்தன். வாப்பா முத்தத்துல குந்தி மம்பட்டிப் புடியக் கழட்டுறாரு. கல்லால மெதுவாத் தட்டித் தட்டி, உம்மாக்குக் கேக்காம. இரும்பு இலைய மட்டும் எடுத்து அந்த ஷொப்பிங் பேக்குக்குள்ள வைச்சாரு. மேல ஒரு பழைய சாரன்.

"எங்க வாப்பா?"

"சும்மா நடக்க."

"புடி இல்லாம என்னெண்டு வெட்டுவீங்க?"

"வாய்க்கால் கரையில கம்பு இல்லயா?"

சென்றிப் பொடியன் பேக்கக் கொட்டிப் பாப்பான். இண்டைக்கு ஒண்டு விழும். அவன் விட்டாலும் குத்தகைக்காரன்ட ஆள் விடுவானா. கண்டுட்டா நிந்தவூருக்குப் போகும், கலியாணம் நிண்டாலும் நிக்கும், ஸரீனா என்னோட சாகும் வரைக்கும் கதைக்க மாட்டா. வயல் எங்கட இல்ல. பயிரும் எங்கட இல்ல. வெட்டப் போற வக்கடை மருமகனுக்கு. இதெல்லாம் வாப்பாக்குச் சொல்லணும். பேக்க ஹேண்டில்ல மாட்டிட்டு சைக்கிளப் புடிச்சிட்டு நிக்காரு, முகம் நல்ல தெளிவு, நொத்தாரிசுக்கு முன்னால நிண்ட மாதிரி.

பின் டயர் காத்துப் போதா. பம்ப் எங்க வைச்சன்.

மணிய அடிக்காரு. உம்மா எழும்பிருவா. போகணும் இப்ப.